பாராட்டுரையில் இல்லாத கல்

விழா முடிந்து மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போட்ட சால்வைகளையெல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் திணித்துக்கொண்டு அவளுடைய அப்பா என்னிடம் வந்தார். “டீச்சரம்மா, எல்லாரும் பாப்பாவைப் பத்தி நல்லாப் பேசினாங்க. நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் படிச்சாங்களாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பாப்பா என்னதான் பண்ணினா?” குறை சொல்லும் குரல் இல்லை அது. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டார். “படிகம் வளர்த்தாங்கண்ணா” என்றேன். “அப்டின்னா?” என்றார். அதற்குள் யாரோ போட்டோவுக்கு அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் காவேரிப்பட்டணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அந்த “அப்டின்னா?” என்னோடு ஏறிக்கொண்டது. ஏழெட்டு மாதமாகியும் இறங்கவில்லை.

அவள் என் மாணவி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் எடுத்தவள் நான். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. இன்று அவள் நெடுஞ்சாலை ஓரத்து ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. மாநில அளவில் அறிவியலாளர்களுக்குக் கொடுக்கும் விருது ஒன்று, இயற்பியல் பிரிவில், அவளுக்கு வந்தது. அவளோடு பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து ஊரில் பாராட்டு விழா வைத்தார்கள். தமிழில் பாராட்டுரை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். விருதுக்காக அவள் அனுப்பிய விண்ணப்பத்தின் நகலும் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரே இரவில் எழுதி முடித்தேன். இத்தனை ஆய்வுக் கட்டுரைகள், அவற்றை இத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், இத்தனை பேர் இவரிடம் முனைவர் பட்டம் பெற்றார்கள், இத்தனை நாடுகளின் கருத்தரங்குகளில் பேசினார். ஒரு எண்ணும் பொய் கிடையாது. மேடையில் படித்தபோது ஒவ்வொரு எண்ணுக்கும் கைதட்டினார்கள். அவளுடைய அப்பாவும் தட்டினார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் அவள் இருந்தாள். அவள் செய்த வேலை எந்த வரியிலும் இல்லை. அவள் பெயரை அடித்துவிட்டு இன்னொரு துறைப் பேராசிரியர் பெயரை எழுதினால் அவருக்கும் அது அப்படியே பொருந்தும். முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒரு இயற்பியலாளரைப் பற்றி இயற்பியல் இல்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு வரியில் சொல்ல முடிகிற வேலை, முடியாத வேலை

சில வேலைகளை ஒரே வரியில் சொல்லிவிடலாம். 2015இல் தமிழக அரசு அப்துல் கலாம் பெயரில் விருது தொடங்கியபோது முதல் விருது இஸ்ரோவின் வளர்மதிக்குப் போனது. “ரிசாட்-1 செயற்கைக்கோள் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தார். மேகம் மூடினாலும் இருட்டினாலும் அது ரேடார் வைத்துப் பூமியைப் பார்க்கும்” என்று சொன்னால் அரியலூரில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்களில் கடைசி ஆள் வரைக்கும் புரிந்திருக்கும். நோபல் குழுவும் ஒரு வரியோடு முடித்துக்கொள்ளும். 1930இல் ராமனுக்குக் கொடுத்தபோது எழுதியது, ஒளிச்சிதறல் பற்றிய பணிக்காகவும் அவர் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டுபிடித்ததற்காகவும் என்றுதான். ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டுப் பரிசைக் கொடுத்த வரியில் ஒளிமின் விளைவு இருக்கிறது, சார்பியல் இல்லை. அந்த வரியில் எது ஏறுகிறதோ அதைத்தான் பிள்ளைகள் ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஏறாதது பின்னால் தங்கிவிடுகிறது. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், 1928இல் நேச்சர் இதழில் ராமனோடு சேர்ந்து அந்த விளைவை அறிவித்த கடிதத்தை எழுதியவர். என் வகுப்பில் அவர் பெயரைக் கேட்டால் ஒரு கைகூட உயராது. 1958இல் அறிவியலுக்கான பட்நாகர் பரிசு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அவருக்குத்தான். 1930களில் படிகங்களின் காந்தத் தன்மையை அவ்வளவு நுட்பமாக அளந்த மனிதர் அவர்.

படிகம் வளர்ப்பதை ஒரு வரியில் சொல்ல வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். தமிழ்நாட்டில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் ஏதோ ஒரு காலத்தில் ஒரு பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்து படிகம் வளர்த்தவர்கள்தான். ஆனாலும் தெருவில் யாருக்கும் அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. இது அந்தத் தெருவின் குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. தூரத்திலிருந்து வரும் விருதுக்கு எண்கள் போதும். அங்கே இருப்பவர்களுக்கு ஆளைத் தெரியாது. ஊரில் கூடிச் செய்யும் மரியாதையும் அதே எண்களைத் திருப்பிப் படித்தால், ஊர் எதற்காகக் கூடியது?

மாந்தோப்பு உப்பு

நடந்ததைச் சொல்கிறேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம், தை மாதம். அவள் மாமா வீட்டு மாந்தோப்பில் பெங்களூரா மரங்களுக்குப் பூப்பிடிக்க மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். 0:52:34 என்று மூட்டையில் போட்டிருக்கும் உப்பு. இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் பழக்கம். இவள் ஒரு பிடி அள்ளிவந்து, வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, மேலே காகிதத்தைக் கட்டி ஊசியால் துளை போட்டு ஜன்னலில் வைத்தாள். மூன்று வாரம் கழித்து என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அடியில் கண்ணாடித் துண்டுகள்போலக் கிடந்தன. ஒவ்வொன்றும் நாலு பக்கம் உள்ள சின்னத் தூண். நுனியில் சீவிய பென்சில்போலக் கூம்பு. “டீச்சர், இதை யாரும் செதுக்கலை. அதுவே இப்படி வந்துச்சு” என்றாள். அந்த முகம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அந்த உப்பின் பெயர் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். மாமரத்துக்கு உரம், இயற்பியல்காரர்களுக்குக் கேடிபி. ஆய்வுக்கு வேண்டியது மிகத் தூய்மையானதாக இருக்க வேண்டும், தோப்பு மூட்டை அதற்கு உதவாது. ஆனால் பொருள் ஒன்றுதான். அமெரிக்காவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்காக வைத்திருக்கும் பிரம்மாண்டமான லேசருக்கு இதே உப்பில் 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள படிகங்களை வளர்த்துத் தகடுகளாக வெட்டி வைக்கிறார்கள். எதற்கு என்றால், இந்தப் படிகம் தன் வழியே போகும் ஒளியின் நிறத்தையே மாற்றும். ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் லேசர் என்றால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ளே போகும். அதில் ஒரு பங்கு சரிபாதி அலைநீளத்தில், 532இல், பளிச்சென்ற பச்சையாக வெளியே வரும். திருவிழாவில் விற்கிற பச்சை லேசர் டார்ச்சுக்குள்ளும் இதே வேலையைச் செய்யும் வேறொரு படிகம் மணியளவில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த விளைவை முதலில் பார்த்தது 1961இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கனின் குழு. குவார்ட்ஸ் படிகத்தின் வழியே மாணிக்கக்கல் லேசரின் சிவப்பு ஒளியைச் செலுத்தினார்கள். 694 நானோமீட்டர் உள்ளே போய் 347 வெளியே வந்தது. படத்தகட்டில் அது ஒரு மங்கலான சின்னப் புள்ளி. கட்டுரை அச்சுக்குப் போனபோது அந்தப் புள்ளியைத் தூசி என்று நினைத்து நீக்கிவிட்டார்களாம். அச்சான படத்தில் அம்புக்குறி மட்டும் இருக்கிறது. அது காட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை. இதை வகுப்பில் பல முறை கதையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாராட்டுரையைத் திரும்பப் படித்த இரவில்தான் இது எனக்கு வேறு மாதிரிப் பட்டது.

அவள் பல வருஷம் செய்தது இதுதான். கேடிபியோடு அமினோ அமிலங்களைத் துளித் துளியாகச் சேர்த்து, பெரிதாகவும் தெளிவாகவும், உள்ளே கீறல் இல்லாமலும் வளர்த்து, எந்த அளவில் சேர்த்தால் பச்சை ஒளி கூடுகிறது என்று அளந்தாள். கேட்கச் சுலபமாக இருக்கும். கரைசலில் உப்பு கொஞ்சம் மிகுந்தால் கண்ட இடத்திலெல்லாம் பொடிப்பொடியாகப் படிகம் விழுந்துவிடும். குறைந்தால் வளர்த்ததும் கரைந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடம் உண்டு. வாரக்கணக்கில் கரைசலை அதற்குள்ளேயே பிடித்து வைக்க வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக்குமேல் ஆடக்கூடாது.

இதை எங்கே செய்தாள் என்பதைச் சேர்க்காமல் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லில் பழுப்பேறிய ஒரு தலைமுறையே சாட்சி. ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் எத்தனையோ ஊர்களின் போர் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி ஃபுளோரைடு இருந்தது. ஒரு துளி அந்நிய உப்பு கலந்தாலும் படிகத்தின் குணம் மாறிவிடும். இரண்டு முறை காய்ச்சி வடித்தால்தான் அவளுக்கு ஒரு லிட்டர் கிடைக்கும். பிறகு கரண்ட். 2012ஐ மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். வரும் நேரத்தைவிட வராத நேரம் அதிகம் இருந்த நாட்கள் அவை. வெந்நீர்த் தொட்டியின் ஹீட்டர் அணைந்தால் கரைசல் குளிரும். குளிர்ந்தால் உப்பு மிகும். மிகுந்தால் பொடி விழும். நாற்பது நாள் வளர்த்த படிகம் நாற்பத்தோராம் நாள் மதியம் அப்படிப் போயிற்று. அன்றைக்கு எனக்குப் போன் செய்தாள். எதுவும் பேசவில்லை, கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தாள். அடுத்த வாரம் பெரிய தொட்டியாக மாற்றி, நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் தெர்மாகோல் கட்டினாள். தண்ணீர் அதிகமானால் சூடு இறங்க நேரம் பிடிக்கும். கரண்ட் போய்த் திரும்பும்வரை தாங்க அந்த நேரம் போதுமாக இருந்தது.

மூன்றாவது தொல்லை லாரி. கிருஷ்ணகிரி என்றாலே சென்னை, பெங்களூர், சேலம் சாலைகள் கூடுகிற இடம். கல்லூரிச் சுவருக்கு அந்தப்பக்கம் ராத்திரி பகலாக லாரி. ஒவ்வொரு லாரிக்கும் மேஜை நடுங்கும். கரைசல் அதிர்ந்தாலும் பொடி விழும். இதற்கு அவள் என்ன செய்தாள் என்பது எனக்கே அப்போது தெரியாது. பாராட்டுரை எழுதிய இரவிலும் தெரியாது.

ஜெகதேவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் அவளைக் கூப்பிட்டு, “உங்க அப்பா கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை. நீயும் வா, சேர்ந்து சொல்லுவோம்” என்றேன். அவர் ஜெகதேவிப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் முப்பது வருஷமாக வேலை செய்பவர். குவாரியிலிருந்து வரும் பிளாக்கை ஸ்லாப் ஸ்லாப்பாக அறுக்கும் மிஷினில் இருந்தார். இப்போது வயதாகிவிட்டதால் பாலீஷ் பக்கம் பார்த்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஓடவில்லை. சுவரோரம் ஸ்லாப்புகள் சாய்ந்து நின்றன. எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“அப்பா, இந்தக் கறுப்புக் கல்லுல ஏன் பரல் தெரியலை? அந்தச் சிவப்புக் கல்லுல மட்டும் ஏன் நகம் தண்டிக்குப் பரல் பரலா இருக்கு?”

அவர் சிரித்தார். “கல்லு அப்படி. கறுப்பு நைஸா இருக்கும், பாலீஷ் போட்டா முகம் தெரியும். சிவப்பு பரல் கல்லு.”

“ரெண்டும் ஒரு காலத்துல உருகின குழம்புதாம்பா. சிவப்புக் கல்லு பூமிக்கு உள்ள ஆழத்துல, சுத்தியும் சூடா இருக்கிற இடத்துல கிடந்து ரொம்ப ரொம்ப மெதுவா ஆறினது. மெதுவா ஆறினா ஒவ்வொரு பரலுக்கும் வளர நேரம் கிடைக்கும். இந்தக் கறுப்பு அப்புறமா வந்தது. பாறை வெடிச்ச சந்துல குழம்பு பாய்ஞ்சு, குளிர்ந்த பாறையைத் தொட்டதும் சீக்கிரம் ஆறிடுச்சு. வளர நேரமில்லை. அதான் பொடிப் பரல், கண்ணுக்கே தெரியாது.”

அவர் எழுந்து போய் சிவப்பு ஸ்லாப்பில் கைவைத்தார். முப்பது வருஷமாக அறுத்த கல். பெருவிரலால் ஒரு பரலின் ஓரத்தை நிதானமாகத் தடவிப் பார்த்தார். “இது ஆற எத்தனை வருஷம் ஆயிருக்கும்?” என்றார். “லட்சக்கணக்குலப்பா. அப்படி ஆறி முடிச்சே சுமார் 250 கோடி வருஷம் ஆச்சு, இந்தப் பக்கத்துப் பாறைங்க.” அவர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் ஆமோதிக்கிறேனா என்று. தலையசைத்தேன்.

“அந்த மாதிரி ஒரே ஒரு பரலை, உள்ள கீறலே இல்லாம, நான் தண்ணியில வளர்க்கிறேம்பா. லட்சம் வருஷத்துக்குப் பதிலா நாப்பது நாள். அதுக்குள்ள லைட் போனா நிறம் மாறி வெளிய வருது. என்ன சேர்த்தா நல்லா மாறுதுன்னு பார்த்தேன். அதுக்குத்தான் அவார்டு.”

வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு கேட்டார்: “ஆமா, என்கிட்ட ஒரு கறுப்புக் கல்லு வாங்கிட்டுப் போனியே, அது எதுக்கு?”

எனக்கு அது புதுச் செய்தி. 2011இல் அவள் போன் செய்து, கனமான, தட்டையான கல் ஒன்று வேண்டும் என்றாளாம். இவர் ஓரம் உடைந்து கழித்துப்போட்ட கறுப்பு ஸ்லாப் ஒன்றைப் பட்டறைக்காரரிடம் சொல்லி வாங்கி, டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். மூன்றடிக்கு இரண்டடி, நாலு அங்குலக் கனம். எப்படியும் 170 கிலோ வரும். தூக்கி வைக்க ஆறு பேர். ஆய்வகத்தில் மேஜை எதற்கோ வேண்டும்போல என்று நினைத்துத் திரும்பிவிட்டார். அவள் ஸ்கூட்டர் டியூப் நாலு வாங்கி, பாதிக் காற்றடித்து, அவற்றின்மேல் கல்லை வைத்து, கல்லின்மேல் தொட்டியை வைத்திருக்கிறாள். கனமான பொருள் மெத்தென்ற ஸ்பிரிங்கின்மேல் உட்கார்ந்தால் அதன் இயல்பான ஆட்டம் மிக மெதுவாகிவிடும். கீழே லாரி வேகமாக உதறினாலும் அந்த உதறல் மேலே ஏறாது. பதினோராம் வகுப்பில் நான் நடத்திய அலைவுகள் பாடம்தான் அது. கரும்பலகையில் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சதுரமும் வரைந்துவிட்டுப் போயிருந்தேன். உலகில் எங்கோ ஒரு ஆய்வகத்தில் பல லட்சம் ரூபாய்க்கு வாங்கும் அதிர்வுத் தடுப்பு மேஜையின் வேலையை ஜெகதேவியின் கழித்த கல்லும் நாலு டியூபும் செய்துகொண்டிருந்திருக்கின்றன. அவளுடைய எந்தக் கட்டுரையின் எந்தப் படிகமும் அந்தக் கல்லின்மேல் வளராதது இல்லை.

“இதை ஏன் உங்க அப்பாகிட்ட அப்பவே சொல்லலை?” என்று கேட்டேன். “தீசிஸ்ல நன்றி சொல்லி எழுதியிருக்கேன் டீச்சர். இங்கிலீஷ்ல” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

அன்று இரவே பாராட்டுரையை மறுபடி எழுதினேன். விழா முடிந்துவிட்டது, படிக்க மேடை இல்லை; இருந்தாலும் எழுதினேன். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கடைசியில் ஒரு வரியாக வைத்துக்கொண்டேன். மாந்தோப்பு உப்பில் தொடங்கினேன். இரண்டு முறை வடித்த தண்ணீர், நாற்பத்தோராம் நாள் போன கரண்ட், நூறு லிட்டர் தொட்டி, லாரி, டியூப், கல், பச்சை ஒளி எல்லாம் வரிசையாக வந்தன. ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. முடியாது என்று நான் நினைத்திருந்த வேலை.

அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு போனேன். அவளும் வந்திருந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். படித்துவிட்டு ஒரே ஒரு இடத்தில் விரல் வைத்தார். “கறுப்புக் கல்லுன்னு மட்டும் போட்டிருக்கீங்க டீச்சரம்மா. நாலு இஞ்சு கனம்னு போடுங்க. அந்தக் கனத்துல இப்ப யாரும் அறுக்கறதில்லை.” பேனாவை எடுத்து அங்கேயே சேர்த்தேன்.

பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார். “அந்தக் கல்லு இன்னும் அங்கதான் இருக்கா?”

“இருக்குப்பா. அதும்மேலதான் இப்பவும் தொட்டி.”

“ஓரத்துல உடைசலோட குடுத்துட்டேன். ஒரு நாள் எடுத்துட்டு வா, ஓரம் அடிச்சு பாலீஷ் போட்டுத் தர்றேன்.”

“வேண்டாம்பா, இப்ப அசைக்கக் கூடாது” என்றாள். “உள்ள ஒண்ணு வளர்ந்துட்டிருக்கு.”